கைத்திறன் யாருக்குரியது?

பெரம்பலூரிலிருந்து ஆத்தூருக்குச் செல்லும் சாலையில் அமைந்தது வேப்பந்தட்டை. சுற்றிலும் கரிசல் மண்; பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்ற பூமி. பருத்திக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இவ்வூரில் உண்டு. ஆனால் வானம் பார்த்த விவசாயத்தை நம்பி எல்லார் வயிறும் நிறைவதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வட்டத்து ஆடவர் கடல் கடக்கத் தலைப்பட்டனர். வி.களத்தூர் போன்று நம் மக்கள் நிறைந்த ஊர்களில், வளைகுடாவுக்கு ஒருவரையேனும் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். ஆடவர் சென்ற வழியே பின்னர் மனைவியரும் சென்றனர். அவர்களுள் படித்துப் பட்டம் பெற்ற பெண்களும் இருந்தனர். அத்தகையவர்களுள் ஒருத்தியைக் கண்டு பேச நேர்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

பெயர் வேண்டா, நமக்கு நன்கு தெரிந்த வீட்டுப் பெண் என்பது போதும். திருச்சியில் நான்காண்டுச் செவிலியர் பட்டப்படிப்பை முடித்து, அங்கேயே ஈராண்டு அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவள். நிக்காஹ் முடிந்த ஆண்டே கணவனுடன் ஷார்ஜா சென்றாள். தன் தொழிலை அங்கே தொடரலாம் என்பது அவள் எண்ணம். வளைகுடா நாடுகளின் மருத்துவத் துறைகள் பொதுவாக மூன்றைக் கேட்கும்: சான்றிதழ்களைப் படித்த இடத்திலேயே விசாரித்து உறுதிசெய்தல், கணினி வழித் தேர்வு, அண்மைக்காலப் பணி அனுபவம். முதலிரண்டிற்கும் பணம் வேண்டும். கணவனின் சம்பளத்தில் ஒரு பங்கு வாடகைக்கு, ஒரு பங்கு ஊருக்கு. ‘அடுத்த மாதம் கட்டலாம்’ என்று ஒத்திப்போட்ட கட்டணம் அடுத்த ஆண்டுக்குச் சென்றது. பிள்ளை பிறந்தது, இன்னொன்றும் பிறந்தது. பணம் சேர்ந்தபோது மூன்றாவது கேள்வி குறுக்கே நின்றது: கடைசியாக நீ நோயாளியைக் கவனித்தது எப்போது? ஒன்பது ஆண்டுகள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நாற்சுவருக்குள் கழிந்தன. கணவனின் ஒப்பந்தம் முடியவே, ஊர் திரும்பினர்.

நாம் அவள் வீட்டில் அமர்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் மருந்துச் சீட்டும் ஊசி மருந்துக் குப்பியுமாக வந்தார். அவள் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“உனக்குப் போடத் தெரியாதாம்மா?” என்றார் அவர்.

“தெரியும் பெரியத்தா. ஆனா இது வீட்ல வச்சுப் போடுற ஊசி இல்ல. நானும் ஒம்பது வருசமா ஊசியத் தொடல. ஆஸ்பத்திரிக்கே போயிருங்க” என்றாள்.

பெரியவர் சற்று மனக்குறையுடன்தான் சென்றார். நமக்கோ அப்பெண்ணின்மீது மதிப்பு உயர்ந்தது. அவள் நல்ல செவிலி என்பதற்கு அந்த மறுப்பைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. ஆனால் அவள் உள்ளே சென்றபின் நம் மனத்தை ஒரு வினா அரிக்கத் தொடங்கியது. நான்காண்டுப் படிப்பு, ஈராண்டுப் பழக்கம், அதற்கு அவள் அத்தா விற்ற நிலம், அவளுக்குக் கற்பித்த ஆசிரியர்கள், அவள் கைபழகக் கையை நீட்டிய நோயாளிகள் — இத்தனையும் சேர்ந்து உருவான அந்தத் திறமை இப்போது யாருக்குரியது? அது வீணாகக் கிடக்குமாயின், நட்டம் யாருக்கு?

‘திறமை அவளுடையது, பயன்படுத்துவதும் விடுவதும் அவள் விருப்பம்’ என்பது ஒரு விடை. கேட்பதற்கு இனியதுதான். ஆனால் அவள் விரும்பியா விட்டாள்? விருப்பம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்ற பலவற்றிற்கு அடியில் கட்டணச் சீட்டும் விசாவும் கைக்குழந்தையும் இருக்கின்றன. அன்றியும், மருத்துவக் கல்வி ஏனைய உடைமைகளைப் போன்றதன்று. பெட்டியில் பூட்டிய நகை பத்தாண்டு கழித்தும் நகையே. பூட்டி வைத்த மருத்துவக் கையோ ஆண்டுக்கு ஆண்டு தேய்கின்றது; தேய்ந்தபின் அதனை உடையவளே நம்ப மறுக்கிறாள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் கல்வி பற்றிய பகுதியில் மருத்துவத்தைப் பர்ளு கிபாயாக்களுள் ஒன்றாக வைத்துள்ளார்கள். அதாவது, ஊரில் சிலர் அதனைக் கற்றுச் செய்தால் மற்றோர் பொறுப்பு நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் இல்லாதிருக்க, கற்போரெல்லாம் வாதப் பிரதிவாதத்திற்கு உதவும் சட்டக் கலையையே மொய்க்கின்றனரே என்று அப்பெருந்தகை வருந்தியதும் அங்கேதான். கற்பவர் இல்லாத ஊரைப் பற்றி இமாமவர்கள் பேசினார்கள். கற்றவர் இருந்தும் அவரைச் செய்யவிடாத ஊரைப் பற்றி நாம் கேட்க வேண்டியிருக்கிறது. அவ்வூரின் பொறுப்பு நீங்கியதாகுமா? நீங்காது என்பதே நம் கருத்து. இது நம் சிற்றறிவுக்கு எட்டியது. மார்க்க அறிஞர்கள் திருத்தினால் ஏற்போம்.

இவ்வாறு கூறும்போது நம் பார்வை ஷார்ஜாவின்மீது மட்டும் பாயக் கூடாது. ஏனெனில் நம் மாவட்டம் புலம்பெயர்வோரை அனுப்பும் இடம் மட்டுமன்று. ஏற்றுக்கொண்ட இடமும் ஆகும். வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூருக்குள் நுழைந்து துறைமங்கலம் சென்றால் அங்கே இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் அலை அலையாக வந்தவர்களும் அவர்தம் மக்களும் தமிழகமெங்கும் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர். 2021இல் அவர்கள் தொகை ஏறத்தாழ 58,000. அவ்வாண்டிலேயே தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை நீக்கி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது நன்று. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி சென்று, இங்கேயே செவிலியர் கல்வி பெற்ற முகாம் பெண்ணுக்குக் குடியுரிமை இன்மையால் அரசு மருத்துவமனைப் பணி எட்டாக்கனியாகவே இருந்துவந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பட்டம் பெற்று அகதியாக வந்த மருத்துவரின் நிலை இன்னும் கடினம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

நம் மகளுக்கு ஷார்ஜாவில் என்ன நீதி வேண்டுமென்று கேட்கிறோமோ, அதே நீதியைத் துறைமங்கலத்துப் பெண்ணுக்கு இங்கே வழங்க நாம் ஆயத்தமா? கொடுக்கும்போது ஒரு படியும் வாங்கும்போது வேறொரு படியும் வைத்திருக்கும் வணிகனை நம் வேதம் எவ்வளவு கடுமையாகக் கண்டித்திருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

எனினும் ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். வந்தவர்மீது இரக்கங்கொண்டு தேர்வின்றி நோயாளியை அவர் கையில் ஒப்படைக்கச் சொல்வது நம் நோக்கமன்று. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவன் அதனால் விளையும் கேட்டுக்குத் தானே பொறுப்பாளி என்பது நம் சட்ட நூல்கள் தொன்றுதொட்டுக் கொண்ட நெறி. மருத்துவர்க்குத் தேர்வு வைப்பது மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த தடையும் அன்று. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் தவற்றால் நோயாளி இறந்த செய்தி கலீபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. தேர்வு பெறாத எவரும் மருத்துவம் செய்யலாகாதென அவர் ஆணையிட்டு, தேர்வு நடத்தும் பொறுப்பைத் தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித்திடம் ஒப்படைத்தார். அந்த ஒரு நகரில் தேர்வுக்கு வந்தோர் 860க்கும் மேற்பட்டோர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். (புகழ்பெற்றோர்க்கும் அரண்மனை மருத்துவர்க்கும் மட்டும் விலக்கு. அரண்மனைகள் எக்காலத்தும் அரண்மனைகளே!) அந்த ஸினானும் ஹர்ரானிலிருந்து பக்தாதுக்கு வந்து குடியேறிய ஸாபியீன் குடும்பத்தவர், கணித மேதை தாபித் இப்னு குர்ராவின் மகன். வந்தேறியின் மகனிடம் தலைநகரின் மருத்துவர் அனைவரும் தேர்வெழுதினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அத்தேர்வின்போது நிகழ்ந்ததாக ஒரு செய்தி கூறுவர். நல்லுடை அணிந்த, கம்பீரமான முதியவர் ஒருவர் ஸினானிடம் வந்தார். அவரைப் பெரும் புலவர் என்றெண்ணி ஸினான் மரியாதையுடன் இருத்தி, எல்லாருடைய தேர்வும் முடிந்தபின், தங்களிடமிருந்து ஏதேனும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்றார். முதியவர் பொற்காசுப் பையொன்றை எடுத்து முன்னே வைத்து, தமக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாதென்றும், குடும்பம் இருப்பதால் பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாமென்றும் மன்றாடினார். ஸினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை விதித்தார்: அறியாத நோயில் கைவைக்கக் கூடாது, சிறு நோய்களுக்கன்றி இரத்தம் இறக்குதலும் பேதி மருந்தும் கூடா. தம் வாழ்நாளில் பானகங்களைத் தாண்டித் தாம் சென்றதே இல்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் கற்றாய் என்று கேட்க, என் தந்தையிடம் என்றான். நேற்று வந்த முதியவரே அத்தந்தை. அவர் வழியைவிட்டு நீயும் தாண்டாதே என்று சொல்லி அனுப்பினார் ஸினான்.

இதனைப் படித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தக் காசுப் பைதான் நம்மைச் சற்று உறுத்துகிறது. வரலாறு அதைப் பற்றி மேலே பேசவில்லை. ஆனால் ஸினான் செய்ததில் ஓர் ஆழமான நீதி உள்ளது. ‘முழுவதும் உண்டு’, ‘ஒன்றுமில்லை’ என்ற இரண்டே கதவுகளை அவர் வைக்கவில்லை. எவ்வளவு தெரியுமோ அவ்வளவு செய்; தெரியாததைத் தொடாதே என்று இடையில் ஒரு படியை வைத்தார். நோயாளிக்கும் காப்பு, வந்தவருக்கும் வாழ்வு.

இக்காலத்துத் தேர்வுகளில் பெரும்பாலும் காணாமற்போனது அந்த இடைப்படிதான்.

தேர்வு நோயாளியைக் காப்பதற்கா, காவலரைக் காப்பதற்கா என்று பிரித்தறிய நாம் ஓர் எளிய வழியைக் கையாள்வோம். ‘உனக்கு என்ன தெரியும்? உன் கையால் என்ன முடியும்?’ என்று கேட்கும் விதி நோயாளிக்கானது. ‘நீ எங்கிருந்து வந்தாய்? உன்னை அனுமதித்தால் எங்களுக்கு என்ன குறையும்?’ என்று கேட்கும் விதி காவலருக்கானது. ஒரே விதிக்குள் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் 1930இல் இந்தியப் பட்டங்களை ஏற்க மறுத்தது. பிரசவ மருத்துவப் பயிற்சி போதவில்லை என்பது அது சொன்ன காரணம். அதன் விளைவாகவே 1933இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பிறந்தது. பின்னர் ஏற்பு மீண்டது. பிரிட்டிஷ் தேசிய சுகாதாரப் பணிக்கு ஆள் தேவைப்பட்ட காலமெல்லாம் நம் மருத்துவர்கள் தடையின்றி அங்கே சென்றனர். 1975இல் அந்த ஏற்பு மறுபடியும் நீங்கி, தேர்வு முறை வந்தது. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி அதே கட்டடங்களில் அதே பாடத்தைத்தான் கற்பித்துக்கொண்டிருந்தது. அவ்வாண்டுக்கு முன்னே வெளிவந்தவர் தகுதியுள்ளவர், பின்னே வந்தவர் ஐயத்திற்குரியவர் ஆனார். தேர்வு வைத்ததைக் குறை கூறுவதற்கில்லை. தேவைக்கேற்ப அளவுகோல் நீண்டும் சுருங்கியும் வந்ததைத்தான் கூறுகிறோம்.

2020 கொரோனாக் காலத்தில் இது இன்னும் வெளிப்படையாயிற்று. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் அவ்வாண்டு ஏப்ரலில், வெளிநாட்டில் உரிமம் பெற்ற மருத்துவர்களுக்கு அவசரகாலத் தற்காலிக உரிமம் வழங்க முன்வந்தது. அதற்கு முந்திய மாதம்வரை அவர்களுள் எத்தனையோ பேர் வேறு வேலை பார்த்து வயிறு வளர்த்தவர்கள். மரணம் வாசலில் நின்றபோது திறக்கக்கூடிய கதவு, மரணம் சற்று விலகி நின்ற நாள்களில் ஏன் திறக்கவில்லை?

நம் நாட்டுக்கு வருவோம். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருவோர்க்கு இந்தியாவில் 2002 முதல் தகுதித் தேர்வு உண்டு. 300 மதிப்பெண்ணுக்கு 150 பெற வேண்டும். பெரும்பாலான அமர்வுகளில் மூவரில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. சீனா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ், உக்ரைன் என்று கடன்பட்டுப் பிள்ளைகளை அனுப்பிய நம் வீடுகளுக்கு இத்தேர்வின் கசப்பு நன்கு தெரியும். ஆயினும் தோற்றவன் அடுத்த அமர்வில் மறுபடி எழுதலாம். துறைமங்கலத்து அகதி மருத்துவருக்கு அந்தத் தோல்விகூடக் கிட்டாது. ஏனெனில் இந்தியக் குடிமக்களும், கடல் கடந்த இந்தியர் என்னும் அட்டை உடையோருமே இத்தேர்வை எழுதலாம். தேர்வில் தோற்பது வேறு. தேர்வுக்கூடத்துக்கே வாசல் இல்லாதிருப்பது வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அதற்கும் நூறாண்டுக்கு மேல் முன்பே மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்த மண்ணிலிருந்து வந்தவரைத் தமிழ்நாடு தேர்வெழுதக்கூட அழைக்கவில்லை என்பது நமக்குச் சிறப்புத் தருவதன்று.

சட்டத்தால் முடியாது என்பார்க்கு நம் சட்ட வரலாறே மறுமொழி கூறும். 1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தை இயற்றியவர்கள், நாட்டுப் பிரிவினையில் வேரோடு பெயர்ந்து வந்த மருத்துவர்களை மறக்கவில்லை. பாகிஸ்தானாகிவிட்ட பகுதிகளின் கல்லூரிகள் 1947 ஆகஸ்ட் 15க்கு முன்பும், பர்மாவின் கல்லூரிகள் 1937 ஏப்ரலுக்கு முன்பும் இந்தியக் குடிமக்களுக்கு அளித்த பட்டங்கள் செல்லுமென்று அச்சட்டத்திலேயே எழுதிவைத்தனர். எல்லைக்கோடு நகர்ந்ததனால் மருத்துவரின் அறிவு அழிந்துவிடாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இக்காலத்துச் சான்றும் உண்டு. பாகிஸ்தானில் மருத்துவராகப் பணியாற்றி, சிறுபான்மையினராக அங்கே துன்புற்று, 2014 முடிவுக்குள் இந்தியா வந்து குடியுரிமை பெற்றவர்களுக்கு நிரந்தரப் பதிவு வழங்கத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் விண்ணப்பங்களை அழைத்தது. அவர்களுக்கென ஒரு தேர்வையும் வகுக்க முற்பட்டது. ஆண்டுக்கணக்கில் தொழிலிழந்து நின்ற அந்த இந்து மருத்துவர்களுக்கு வாசல் திறந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ‘அவர்களுக்கு மட்டும் ஏன்?’ என்று பொறாமையுடன் கேட்பது நம் பண்பன்று. ‘அவர்களுக்கு முடிந்தது ஏனையோர்க்கும் முடியுமே’ என்று கேட்பது நம் கடமை. ஈழத்திலிருந்து வந்தவர், ஆப்கானிஸ்தானிலிருந்து தில்லி வந்து சேர்ந்தவர், பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர் — இவர்களுள் மருத்துவம் அறிந்தவர் எவராயினும் அவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேளுங்கள். தேறினால் நிபந்தனையுடன் பணிசெய்ய விடுங்கள். வெளிநாட்டுக் குடிமகனான மருத்துவருக்குத் தற்காலிகப் பதிவு அளிக்க இப்போதைய சட்டத்திலும் இடமுண்டு. விதை இருக்கிறது, நீர் விடுவாரில்லை.

வந்தவருக்கு வழிவிட்டதனால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். லுட்விக் குட்மன் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் பெயர்பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர். யூதர் என்பதனால் 1933இல் பணி இழந்தார். யூத மருத்துவமனையில் சில காலம் பணியாற்றினார். 1939இல் மனைவி மக்களுடன் ஆக்ஸ்போர்டுக்கு அகதியாக வந்தார். அறிவாளர் அகதிகளுக்கு உதவுவதற்கென அமைந்த சங்கம் ஒன்று கைகொடுத்தது. பிறநாட்டு மருத்துவர் பெருகினால் தங்கள் பிழைப்பு என்னாவது என்று பிரிட்டிஷ் மருத்துவர் பலர் முணுமுணுத்த காலம் அது. சில ஆண்டுகள் ஆராய்ச்சியோடு கழிந்தன. 1944இல் போரில் முதுகெலும்பு முறிந்த வீரர்களுக்கான பிரிவை ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தொடங்க வேண்டியிருந்தது. குட்மனிடம் அது ஒப்படைக்கப்பட்டது. முதுகுத்தண்டு முறிந்தவன் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களில் இறந்துபோவான் என்பதே அதுவரை மருத்துவ உலகின் எதிர்பார்ப்பு. இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது என்ற எளிய, சலிப்பூட்டும், இரவு பகலற்ற வேலையிலிருந்து குட்மன் தொடங்கினார். 1948 ஜூலை 29, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், தம் மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்று உலகம் காணும் பாராலிம்பிக் அதிலிருந்து கிளைத்தது. அந்த அகதியை ஒரு கிடங்கில் கணக்கெழுத வைத்திருந்தால் பிரிட்டனில் எவரும் குறை உணர்ந்திருக்க மாட்டார்கள். இத்தகைய இழப்புக்கு வீக்கமில்லை, வலியில்லை. வாராத மருத்துவரால் வாழாமற்போன நோயாளியை யாரும் எண்ணிக் கணக்கிடுவதில்லை.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. தமிழ்நாட்டில் படித்த செவிலியரே ஒப்பந்தக் கூலிக்கு நின்று, நிரந்தரப் பணி கேட்டு வீதிக்கு வந்திருக்கின்றனர். அவர்களுக்கே இடமில்லாதபோது முகாம்காரர்க்கு எங்கே இடம் என்று கேட்பார்கள். நியாயமான வேதனை. ஆனால் முகாம்ப் பெண்ணைத் தடுத்துவைப்பதால் ஒரு பணியிடமும் புதிதாக உண்டாவதில்லை. பணியிடம் உண்டாவது அரசின் வரவுசெலவுத் திட்டத்தில். அவளுக்கு முன்னுரிமை கேட்கவில்லை. வரிசையின் கடைசியில் நிற்க இடம் கேட்கிறோம்.

மற்றொரு வாதம் நம் நெஞ்சைச் சுடுவது. வேப்பந்தட்டையில் செவிலி வேண்டாமா? அவள் ஷார்ஜாவில் தேர்வெழுத நாம் உதவினால், நம் ஊர் நோயாளியை நாமே கைவிட்டவர்களாக மாட்டோமா? உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்ற நெறிமுறை இவ்விரண்டையும் ஒருசேரவே பார்த்தது: பணியாளர் பஞ்சமுள்ள நாடுகளிலிருந்து செல்வ நாடுகள் ஆளிழுக்கலாகாது, சென்றவரை உள்நாட்டில் பயின்றவர்க்கு நிகராக நடத்த வேண்டும். ஊரைவிட்டுச் செல்வது சரியா தவறா என்பதைத் தனியே வாதிக்கலாம். ஆனால் சென்றவள் ஒன்பது ஆண்டு சும்மா இருந்ததனால் வேப்பந்தட்டைக்கு ஒரு செவிலி மிஞ்சவில்லை, ஷார்ஜாவுக்கும் கிடைக்கவில்லை. இரு கரைக்கும் இல்லாமல் நடுக்கடலில் கொட்டிய பால் அது.

தொழிலுக்குத் திரும்ப வழியில்லாதவர் வேறு வழிகளைத் தேடுவதும் உண்டு. பதிவில்லாமல் பின்னறையில் ஊசி போடுபவர், வேறொருவர் பெயர்ப்பலகையின் கீழ் அரைச் சம்பளத்திற்குச் சிகிச்சை செய்பவர் — போலி மருத்துவர் கைது என்று செய்தித்தாளில் படித்துவிட்டு நாம் தூற்றுகிறோம். அவர்களுள் அறவே படியாத கயவரும் உளர். படித்தும் வாசல் அடைபட்டவரும் இருக்கக்கூடும். நேர்வழியில் முள்ளைப் போட்டுவிட்டுக் குறுக்கு வழியைப் பழிப்பது அறமாகாது.

அப்படியாயின் உதவி என்பது யாது? ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். வந்தவரோ வாழ்த்துரைத்துவிட்டுக் கடைவீதிக்கு வழியைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தம் காலில் நின்றார். தொழில் தெரிந்த அகதிக்குச் சோற்றுப் பொட்டலத்தைவிட வழிதான் பெரிது. ஆனால் இக்காலத்து மருத்துவக் கடைவீதிக்கு வழி நீளமானது; காட்டினால் மட்டும் போதாது, சிறிது தூரம் உடன் நடக்க வேண்டும். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ‘ரீச்’ என்ற அமைப்பு 2003 முதல் இதைச் செய்துவருகிறது. அகதியாக வந்த மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் முதலில் ஆங்கிலம் — புத்தக ஆங்கிலமன்று, நோயாளியின் அருகே நின்று பேசும் ஆங்கிலம் — பிறகு தேர்வுப் பயிற்சி, பிறகு மருத்துவமனையில் உடன் நின்று பார்த்தல், பிறகு பணி. கனடாவின் பல மாநிலங்களில் அனுபவமுள்ள வெளிநாட்டு மருத்துவரை 12 வாரம் நேரடியாகப் பணியில் அமர்த்தி, மூத்த மருத்துவர் கண்காணித்து மதிப்பிடும் முறை உள்ளது. பக்தாதின் இடைப்படி ஆயிரம் ஆண்டு கழித்து அங்கே மீண்டும் தோன்றியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. நம்மிடத்தும் முன்மாதிரி இல்லாமலில்லை. சா.ஜே.வே. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் மக்களிலிருந்தே சுகாதாரப் பணியாளரைப் பயிற்றி முகாம்களில் பணிசெய்ய வைத்தது. அரசு பதிவு தராத இடத்தில் அகதிகளே தங்களுக்குப் பள்ளியானார்கள்.

நம் ஜமாஅத்துகளைப் பற்றி ஒரு சொல் கூறாமல் விடுவதற்கில்லை. ஏழைப் பெண்ணின் திருமணத்திற்குப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கும் கைகள் தாராளமானவை, வாழ்க! ஆனால் படித்த பெண்ணொருத்தி தேர்வுக் கட்டணத்திற்கோ பதிவைப் புதுப்பிப்பதற்கோ உதவி கேட்டு வந்தால், ‘புருசன் துபாயில இருக்கான், இவளுக்கென்ன’ என்று முகம் சுளிப்பவர் நம்முள் இல்லையா? நிக்காஹ் பேசும்போது ‘பொண்ணு நர்ஸ் படிச்சிருக்கு’ என்பதைப் பெருமையாகச் சொல்லி, நிக்காஹ் முடிந்ததும் ‘நைட் டூட்டியெல்லாம் நம்ம குடும்பத்துக்கு ஆகாது’ என்பதையும் அதே வாயால்தான் சொல்கிறோம். பிரசவ நேரத்தில் மட்டும் பெண் மருத்துவர் இருக்கிறாரா, பெண் செவிலி இருக்கிறாரா என்று பதறிக்கொண்டு பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் வண்டி பிடிக்கிறோம். எவர் வீட்டு மகளோ விழித்திருக்க வேண்டும். நம் வீட்டு மகள் உறங்க வேண்டும். ஷார்ஜாவின் சட்டம் அப்பெண்ணிடமிருந்து பறித்தது எவ்வளவு, நம் திண்ணைப் பேச்சு பறித்தது எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயுமென்று உறுதியாகச் சொல்ல நமக்குத் துணிவில்லை.

அப்பெண்ணை அண்மையில் மறுபடி கண்டோம். திருச்சியில் ஒரு மருத்துவமனை, மூன்று மாதம் மூத்த செவிலியருடன் நின்று கைபழக இசைந்திருக்கிறதாம், சம்பளம் பிறகுதான். பழைய பாடப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறாள். மருந்துகளின் பெயர் பாதி மாறிவிட்டன என்று சிரித்தாள். பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் செல்வதாக ஏற்பாடு. அவளுடைய மாமியாரும் தடை சொல்லவில்லை. இரவுப் பணி வரும் நாள்களில் சின்னவனை யார் உறங்கவைப்பது என்பது மட்டும் அவ்வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.